தொடக்கப் பாட்டும் தோட்டத் தமிழரும்

கடந்த சில ஆண்டுகளாக மலாக்கா மாநிலத் தமிழரிடையே ஒரு பாட்டு மோகம் பெருகி வருவதைக் கண்டு வருகிறோம். ஜாசினிலாகட்டும், அலோர் காஜாவிலாகட்டும், மெர்லிமாவிலாகட்டும், ஒரு கலியாண விருந்திலோ பிறந்தநாள் விழாவிலோ, மூடிப்போன ஒரு தோட்டத்தின் பழைய மக்கள் ஒன்றுகூடும் நாளிலோ, வாத்தியக் கோஷ்டியார் சினிமாப் பாட்டுக்களைப் பாடி ஓய்ந்தபின் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழும்: "சித்தி பாட்டைப் பாடுங்கள்." உடனே மற்றொரு குரல், "மெட்டி ஒலி!" என்னும். பாட்டுத் தொடங்கியதும் முப்பது வயதினரும் அறுபது வயதினரும் ஒரே வாயாகச் சேர்ந்து பாடுகின்றனர். சிலர் கண் கலங்குகின்றனர். இவை தேவாரமுமல்ல, சினிமாப் பாட்டுமல்ல. தொலைக்காட்சியில் நாள்தோறும் வந்த தொடர்கதைகளின் முன்னே ஓரிரு நிமிஷம் ஒலித்தவை. ஜனங்கள் இவற்றை "டைட்டில் பாட்டு" என்பர். நாம் இங்கே தொடக்கப் பாட்டு என்று சொல்லிக்கொள்வோம்.

படித்த பெரியவர்களிற் சிலர் இதைக் கண்டு நகைக்கின்றனர். "இதுவும் ஓர் இலக்கியமா? இதற்கும் ஒரு கண்ணீரா?" என்பது அவர்கள் கேள்வி. இளைஞர்களோ, அந்தக் காலத்துப் பாட்டைப்போல் இந்தக் காலத்தில் உண்டா என்று கேட்டு அத்துடன் நின்றுவிடுகின்றனர். நகைப்பும் ஆராய்ச்சியன்று, கண்ணீரும் ஆராய்ச்சியன்று. நூறு பேர் கூட முழுதாய்ப் படித்திராத கவிதைத் தொகுதிக்குப் பத்துப் பக்கம் மதிப்புரை வரையும் நாம், தோட்டத்துப் பெண் முதல் நகரத்துக் கணக்கர் வரை மனப்பாடமாக அறிந்த ஒரு செய்யுள் வகையைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது விமரிசனத்துக்குப் பெருமையாகாது. ஒரு மக்கட் கூட்டம் எதனை நெஞ்சில் வைத்திருக்கிறதோ அதனைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி கோலாலம்பூரில் தொடங்கிற்று. 1969-இல் இரண்டாவது அலைவரிசை வந்தது. 1978-இல் வர்ணம் வந்தது. தோட்டப்புறத்துக்கு இவையெல்லாம் உரிய காலத்தில் வந்தன என்று எண்ணிவிடலாகாது. பல தோட்டங்களில் லயங்களுக்கு மின்சாரம் இரவில் சில மணி நேரம் மட்டுமே கிடைத்த காலம் அது. டெலிவிஷன் பெட்டி ஒன்று மண்டோர் வீட்டிலோ கிராணி வீட்டிலோ இருக்கும். கார் பாட்டரியைக் கொண்டு அதை ஓட்டுவதும் உண்டு. தமிழ்ப் படம் வரும் நாளில் அந்த வீட்டின் ஐந்தடி முழுதும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பர். படம் பாதியில் இருக்கும்போது பாட்டரி தீர்ந்துபோனால் அன்றைய கதையின் முடிவை மறுநாள் பால்மரக் காட்டில் ஒருவருக்கொருவர் தாமே இட்டுக்கட்டிச் சொல்லிக்கொள்வர். அந்த முடிவுகள் படத்தின் முடிவைவிடப் பல வேளை நன்றாயிருந்தன என்பது வேறு விஷயம்.

1996-இல் அஸ்ட்ரோ வந்தது. வானவில் என்னும் தமிழ் அலைவரிசை வந்தது. பின்னர்ச் சென்னையின் சன் தொலைக்காட்சியும் வந்தது. லயத்தின் தகரக் கூரை மீது வட்டத் தட்டுக்கள் முளைத்தன. 1999 முதல் 2001 வரை சித்தி, 2002 முதல் 2005 வரை மெட்டி ஒலி, 2003 முதல் 2009 வரை கோலங்கள் என்று சென்னையில் ஒளிபரப்பான தொடர்கள் நம் மாலை நேரத்தைக் கைக்கொண்டன. மெட்டி ஒலி 800 நாட்களுக்கு மேல் வந்தது; கோலங்கள் 1,500 நாட்களையும் தாண்டிற்று. ஒரு பாட்டை எண்ணூறு மாலையில் கேட்பதென்றால் என்ன என்று சற்றே சிந்தித்துப் பார்க்கவேண்டும். நம்மில் எந்தப் பக்தரும் ஒரு பதிகத்தை அத்தனை முறை ஓதியிரார். எந்த ஆசிரியரும் ஒரு குறளை அத்தனை முறை ஒப்புவிக்கச் செய்திரார். கேட்கவேண்டும் என்று கருதிக் கேட்டவரும் இல்லை. கற்கவேண்டும் என்று கற்றவரும் இல்லை. அடுப்படியில் நின்ற காதில் அது தானே நுழைந்து தானே தங்கிவிட்டது.

நிற்க. இந்த ஏக்கம் உண்மையில் எதன் மீது எழுந்தது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். தொடர்கள் பெருகிய அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் கலையத் தொடங்கியிருந்தன. பால்மரம் செம்பனைக்கு இடம் விட்டது; செம்பனையிற் சில, வீட்டு மனைக்கு இடம் விட்டன; வேலைக்கு வெளிநாட்டார் வந்தனர். நம்மவர் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் சென்றனர். லயத்தில் இருந்த வீடுகளுக்கிடையே இருந்தது ஒரு பலகைச் சுவர். ஒரு வீட்டில் தொடக்கப் பாட்டு எழுந்தால் பதினாறு வீட்டுக்கும் அது கேட்கும். பதினாறு வீட்டிலும் அதே பாட்டு அதே நிமிஷத்தில் ஒலிக்கும். ஆகவே லயமே ஒரு வாயாய்ப் பாடுவதுபோல் இருக்கும். விடியற்காலையில் பெரட்டுக்கு மணி அடித்ததும் அனைவரும் எழுந்தது போலவே, மாலையில் இந்தப் பாட்டு எழுந்ததும் அனைவரும் அமர்ந்தனர். முன்னது துரையின் மணி. பின்னது தாமே விரும்பி ஏற்ற மணி. தாமானில் சுவர் கல்லாயிற்று, வாசலுக்குக் கம்பிக் கதவு வந்தது. பக்கத்து வீட்டில் என்ன ஒலிக்கிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. இன்று கலியாண மண்டபத்தில் அப்பாட்டைக் கேட்டுக் கண் கலங்குபவர் அத்தொடரின் நாயகிக்காகக் கலங்கவில்லை. அந்தப் பலகைச் சுவருக்காகக் கலங்குகிறார். அதனை நாம் பழிக்கமாட்டோம். கூடி வாழ்ந்தவன் கூட்டத்தை இழந்தால் ஏங்குவது இயல்பே.

ஆனால் ஏக்கம் சுவரின் மீதாயினும், வாயில் வருவது பாட்டு. பாட்டுக்குச் சொல் உண்டு. சொல்லுக்குப் பொருள் உண்டு. அந்தப் பொருளைப் பற்றித்தான் இனிச் சொல்லப் புகுகிறோம்.

இவ்வகைப் பாட்டு வானத்திலிருந்து குதித்ததன்று. நமது பழைய கூத்திலும் நாடகத்திலும் இதற்கு முன்னோர் உண்டு. அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் போன்ற கீர்த்தனை நாடகங்கள் தோடயத்துடன் தொடங்கின. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னே நின்று பாத்திரம் தன் வரவைத் தானே பாடி அறிவித்தது. குறவஞ்சியில் கட்டியங்காரன் வரவுக்கே ஒரு பாட்டு உண்டு. நம் தோட்டங்களில் திருவிழா இரவுகளில் நாடகம் போட்ட காலத்திலும், வெளியே திரிகின்றவர்களைத் திரைக்கு முன் கொண்டுவந்து உட்கார வைத்தது முதற் பாட்டுத்தான். ஏட்டுக்கும் இதே முறை. எவ்வளவு பெரிய நூலாயினும் பாயிரமில்லாவிடில் அதனை நூலென்று ஒப்பாதது நன்னூல் மரபு. அப்பாயிரம் செய்தவன் பெயரையும், நூலின் பெயரையும், சொல்லப்போகும் பொருளையும், கேட்போர் யாரென்பதையும், அதனால் விளையும் பயனையும் கூறவேண்டும் என்று விதித்திருக்கின்றனர். தொடக்கப் பாட்டைத் தொடரின் பாயிரம் என்று கொண்டு, அந்த அளவுகோலாலேயே அளந்து பார்ப்போம்.

செய்தவன் பெயரைச் சொல்லும் கடமையில் இப்பாயிரம் தவறுகிறது. எழுத்துக்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைகின்றன. சித்தியின் பாட்டை எழுதியவர் வைரமுத்து. சித்தி, மெட்டி ஒலி ஆகிய இரண்டுக்கும் இசை வகுத்தவர் தினா. மண்டபத்தில் பாடும் ஐந்நூறு பேரில் தினாவின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் ஐந்து பேர் இருந்தால் மிகுதி. சினிமா இசைஞருக்கு மாலையும் பட்டமும் கட்டும் நம் மக்கள், தம் வீட்டுக்குள்ளேயே வந்து நாள் தவறாமல் பாடிக்கொடுத்த ஒருவரைப் பெயரற்றவராக்கி விட்டனர். நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் பெயரில்லை. ஏனெனில் அதை எல்லோரும் சேர்ந்து செய்தனர். இதுவோ கூலி பெற்று ஒருவர் செய்தது; பெயரும் இருக்கிறது; நாம்தான் கேட்கவில்லை.

சித்தியில் பாடிய குரல் நித்யஸ்ரீ மகாதேவனுடையது. அவர் டி. கே. பட்டம்மாளின் பேத்தி. 1947-இல் சுதந்திரம் வந்த இரவில் சென்னை வானொலியில் பாரதியாரின் பாட்டுக்களைப் பாடியவர் அந்தப் பட்டம்மாள். பாட்டி ஒரு தேசத்தின் தொடக்கத்துக்குப் பாடினார். பேத்தி ஒரு தொடர்கதையின் தொடக்கத்துக்குப் பாடினார். இதை இழிவாகச் சொல்லவில்லை. கச்சேரி மேடையிலே, சபாக்களின் முன்வரிசையிலே கேட்டுக்கொண்டிருந்த பயிற்சி பெற்ற ஒரு குரல், டிக்கெட்டும் இல்லாமல், சாதியும் கேளாமல், தெபோங்கிலும் புக்கிட் அசஹானிலும் பால் வாளியைக் கழுவி வைத்த பெண்ணின் காதுக்கு வந்து சேர்ந்தது என்பது சிறிய சங்கதியன்று. கர்நாடக இசைக்காரர் எத்தனையோ ஆண்டு மாநாடு கூட்டியும் செய்யாததை இந்த ஒன்றரை நிமிஷம் செய்தது. இதற்காகவேனும் தொடக்கப் பாட்டை நாம் மதிக்கிறோம். சித்தி என்ற தலைப்புக்கும் ஒரு நன்றி உண்டு. மாற்றாந்தாய் என்றால் சோற்றில் நஞ்சு வைப்பவள் என்பதே நம் பாட்டிமார் கதைகளின் தீர்ப்பு. அச்சொல்லைத் தூக்கி, அன்புக்குரிய நாயகியின் தலையில் மகுடமாக வைத்தது அத்தொடர்.

மெட்டி ஒலிக்கு வருவோம். கலையென்று பார்த்தால் இவற்றுள் அதுவே மேலான பாட்டு. மங்கலமும் துயரமும் ஒன்றாய்க் கலந்த மெட்டு. கலியாண வீட்டின் சந்தடியும், பெண்ணை அனுப்பிவிட்டு வந்த வீட்டின் வெறுமையும் ஒரே இசையில் கேட்கின்றன. அதனால்தான் அது இன்னும் நிற்கிறது. ஆனால் சொல் எதனைச் சொல்லுகிறது? மணமகள் அம்மி மிதிப்பதையும் அருந்ததி பார்ப்பதையும் கொண்டு அப்பாட்டுத் தொடங்குகிறது. தலைப்போ, அந்தச் சடங்கிலே அவள் கால் விரலில் மாட்டப்படும் வளையத்தின் ஓசை. கல்லைப்போல் அசையாது இரு, அந்த நட்சத்திரத்தைப்போல் கற்பில் பிசகாது இரு என்பது அச்சடங்கின் பொருள். இரு வகை உபதேசமும் பெண்ணுக்கு மட்டுந்தான். மணமகன் எந்தக் கல்லையும் மிதிப்பதில்லை. எந்த விரதத்துக்கும் விரல் நீட்டுவதில்லை.

இனித் தொடரைப் பாருங்கள். திருமுருகன் இயக்கிய அக்கதையில் தாயற்ற ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பன். அவர்களை ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு அவர் படும் பாடு. மாமியார் வீட்டின் சீர்க் கணக்கு, ஏச்சு, பேச்சு, இவற்றிடையே அப்பெண்கள் தேயும் தேய்வு. தமிழ்க் குடும்பத்தின் கொடுமையை இத்தனை பொறுமையாக, இத்தனை நுட்பமாக நாள் நாளாய் எடுத்துக் காட்டிய தொடர்கள் குறைவு. சீர்திருத்த மேடையில் நாம் ஒரு மணி நேரம் கத்திச் சொன்னதை அது எண்ணூறு மாலையில் மெதுவாகச் சொல்லிற்று. ஆகவே பாட்டு ஒன்று சொல்ல, கதை மற்றொன்று சொல்லிற்று. பாட்டு அம்மியை வாழ்த்திற்று. கதை அந்த அம்மியின் கீழ் நசுங்கியவர்களைக் காட்டிற்று.

"அது முரணன்று, அதுவே கலை, முதலில் மங்கலத்தைக் காட்டிப் பிறகு அமங்கலத்தைக் காட்டினால்தானே சூடு பிறக்கும்?" என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதித்தார். தொடரை நாள்தோறும் முழுதும் பார்த்தவருக்கு அது சரியே. ஆனால் இருபது ஆண்டு கழிந்தபின் நிலை என்ன? கதையை இன்று யார் சொல்லுவார்? மூன்றாவது மகளின் மாமியார் பெயர் என்ன என்று கேட்டால் விழிப்பர். கதை மறந்தது, பாட்டு நின்றது. கதையோடு சேர்ந்து ஒலித்தபோது கேலியாகவோ சோகமாகவோ பட்ட அதே சொற்கள், தனியே நிற்கும்போது வெறும் வாழ்த்தாகிவிட்டன. பாயிரம் மட்டும் எஞ்சி நூல் அழிந்துபோனால், பாயிரமே நூலாகிவிடும். ஏக்கம் செய்கிற தேர்தல் இவ்வாறுதான். கைப்பானதைக் கழித்துவிட்டு இனிப்பானதை எடுத்து வைக்கும். அதன் தீர்ப்பை நம்பி ஒரு கலைப்பொருளை மதிப்பிடலாகாது என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இது வீண் விவாதமன்று என்பதற்கு நாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். நம் மாநிலத்துப் பட்டணமொன்றில் ஒரு சீர்திருத்தத் திருமணம். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, அம்மி இல்லை. மாலை மாற்றி, உறுதிமொழி படித்து, கையெழுத்திட்டனர். இந்நாட்டில் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து கலியாணத்துக்கு ஆதாரம் பதிவேயாதலால், அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதுமில்லை. பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து பேசியது முதல், இத்தகைய மணங்களுக்காக நம் முன்னோர் எத்தனை சச்சரவுகளைத் தாங்கினர் என்பதைப் பழைய தொண்டர் குடும்பங்கள் அறியும். தமிழ்நாட்டில் இவற்றுக்குச் சட்டத்தின் ஒப்புதல் கிடைக்க 1967-இல் அண்ணாதுரை அமைச்சரவை வரவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மணத்தில், மணமகள் மண்டபத்துக்குள் நடந்து வந்தபோது வாத்தியக் கோஷ்டியார் வாசித்துப் பாடியது எது என்கிறீர்கள்? மெட்டி ஒலிப் பாட்டு! எதை மேடையிலிருந்து இறக்கி வெளியே வைத்தார்களோ, அந்த அம்மி ஒலிபெருக்கி வழியாக உள்ளே வந்துவிட்டது. மேடையிலிருந்த பெரியவர் உட்படக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவரும் சொல்லைக் கவனிக்கவில்லை. அவ்வளவு நல்ல மெட்டு!

இங்கேதான் நமது கவலை. வடமொழி மந்திரத்தை நாம் எதிர்த்த காரணங்களில் ஒன்று, ஓதுபவனுக்கும் பொருள் தெரியாது, கேட்பவனுக்கும் பொருள் தெரியாது என்பது. தமிழில் ஓதினால் அந்தக் குறை தீரும் என்று எண்ணினோம். இப்போது பாருங்கள். தமிழிலேயே உள்ள ஒரு பாட்டு, தமிழர் வாயிலேயே, பொருள் கேளாமல் ஓதப்படுகிறது. தேசியப் பள்ளியில் பயின்று, தமிழ் எழுத்து அறியாது, ஆயினும் பிழையின்றி முழுப் பாட்டையும் பாடும் பேரப்பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கின்றனர். அடுக்கு வீட்டில் பிறந்த அப்பிள்ளை அம்மியைக் கண்டதே இல்லை. அது காலால் மிதிக்கும் ஏதோ ஒரு பூசைப் பொருள் என்று எண்ணியிருக்கிறது. அவனுக்குத் தெரிந்த நீண்ட தமிழ்ச் செய்யுள் இது ஒன்றே. "அதுவாவது தெரிந்திருக்கிறதே" என்று தாய் மகிழ்கிறாள். அவள் மகிழ்ச்சியைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. எனினும் அதில் முழு மனத்தோடு பங்குகொள்ளவும் முடியவில்லை.

மொழி போனபின் எது மிஞ்சும் என்பதை அறிய மலாக்காத் தமிழன் தூரம் செல்லவேண்டாம். காஜா பெராங்கில் இருக்கும் செட்டிக் கிராமத்துக்குச் சென்று பார்க்கலாம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே மணம் புரிந்து தங்கிய தமிழரின் வழியினர் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கோயிலும் சடங்கும் பொங்கலும் நின்றன, தமிழ் நிற்கவில்லை. அவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. ஐந்நூறு ஆண்டு நிலைத்த மக்கள் அவர்கள். நாம் காட்டுவது ஒன்றே: பேச்சு உதிரும்போது, பேச்சிலே கேள்வி கேட்கும் ஆற்றல் முதலில் உதிர்கிறது, சடங்கும் மெட்டும் கடைசிவரை இருக்கின்றன. நம் தோட்டத்துச் சந்ததியாருக்குத் தொடக்கப் பாட்டே கடைசித் தமிழாக எஞ்சுமானால், எஞ்சுகின்ற அச்சொற்கள் எவை என்பது பெரிய கேள்வியாகும்.

பிற தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைப்புக்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும். மெட்டி, கோலம் என்று பெண்ணின் உடம்பிலும் வாசலிலும் உள்ள பொருள்கள். 2007-இல் தொடங்கிய ஒரு தொடருக்குத் திருமதி செல்வம் என்று பெயர். நாயகிக்குத் தலைப்பில் தன் பெயர்கூட இல்லை. கோலங்களில் தேவயானி ஏற்ற அபி என்னும் பெண் கட்டடத் தொழில் நடத்துகிறாள். ஆண்களுக்கு வேலை கொடுக்கிறாள். எதிரிகளை எதிர்த்து நிற்கிறாள். ஆயினும் தலைப்பு அவளை மீண்டும் வாசற்படிக்கே கொண்டுவந்து, கையில் மாவுக் கிண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. கதாசிரியர்கள் துணிந்த அளவுக்குத் தலைப்பிட்டவர்கள் துணியவில்லை என்பது நமது முடிபு.

சொல்லே வேண்டாம் என்று வைத்த தொடக்க இசைகளும் உண்டு. 1980-களில் ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் மால்குடி டேஸ் என்று இந்தியத் தூரதர்சனுக்காகப் படமாக்கினார். அதற்கு எல். வைத்தியநாதன் அமைத்த மெட்டில் மொழியே இல்லை. ஒரு சிறுவன் தெருவில் தனக்குள் முனகிக்கொண்டு போவது போன்ற வெறும் ஓசை. வைத்தியநாதனின் தந்தையார் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அக்குடும்பம் அங்கிருந்து பெயரவேண்டியதாயிற்று. ஊரை இழந்த குடும்பத்தில் வந்த ஒருவர், இல்லாத ஓர் ஊருக்கு இசை அமைத்தார். கேட்டவரெல்லாம் அதைத் தம் சொந்த ஊரென்று எண்ணினர். அகில இந்திய வானொலி நிலையத்தின் விடியற்கால இசையும் இவ்வாறே. 1930-களில் ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து தஞ்சம் புகுந்த வால்டர் காஃப்மன் என்னும் யூதர் அதை அமைத்தார். இவ்விசைகளைக் கேட்டு ஏங்குபவனுக்கு அவை யாதொரு கட்டளையும் இடுவதில்லை. அவன் எதை இழந்தானோ அதை அவனே அவற்றில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பாட்டையும் ஊமையாக்கிவிடுவது நமது யோசனையன்று. தமிழனுக்குச் சொல் வேண்டும்; சொல்லற்ற இசையில் அவன் நெடுநேரம் தங்கமாட்டான்.

இப்போது இவ்வகைப் பாட்டே குறுகி வருகிறது. நெட்பிளிக்ஸ் என்னும் கம்பெனி 2017-இல் முன்னிசையைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தானை வைத்தது, பிறரும் பின்பற்றினர். விரலால் தொட்டால் பாயிரம் பறந்துபோகும். தனியே ஒருவன் கையகலக் கருவியில் கதை பார்க்கும்போது, யாரையும் அடுப்படியிலிருந்து கூப்பிடும் பாட்டு எதற்கு? கூட்டத்துக்காகப் பிறந்தது, கூட்டம் கலைந்ததும் சாகிறது. இதற்காக மாரடித்து அழ நாம் தயாராயில்லை. நமக்கு வருத்தம் வேறொன்றில். இந்த ஏக்கக் கூட்டங்களில் ஒலிப்பதெல்லாம் சென்னைச் சரக்காகவே இருக்கிறது. பால்மரத்தைப் பற்றியும், கங்காணியைப் பற்றியும், கப்பலேறி வந்ததைப் பற்றியும் நம் பாட்டிமார் தாமே கட்டிப் பாடிய பாட்டுக்கள் உண்டு. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்துத் தந்திருக்கின்றனர். அவற்றில் ஒன்றை எந்தக் கோஷ்டியாரிடமும் எவரும் கேட்டதாக நாம் காணோம். ஆசிரியர் பெயர் தெரியாத சென்னைப் பாட்டுக்கு ஏங்குகிறவர், தன் பாட்டியே ஆசிரியராயிருந்த பாட்டை மறந்திருக்கிறார்.

மெட்டை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. "அம்மிப் பாட்டைப் பாடாதே" என்று கலியாண மண்டபத்தில் காவல் நிற்பது சீர்திருத்தமாகாது. அந்தத் தடையைப் பலகைச் சுவரை இழந்தவர்கள் பொறுக்கவும் மாட்டார்கள். இதற்கு விடை நமது மாநிலத்திலேயே கிடைக்கிறது. டொண்டாங் சாயாங் என்னும் பாட்டு முறையை மலாக்காவில் அறியாதார் இல்லை. மலாய்க்காரர், பாபா நியோன்யா, செட்டியர், போர்த்துக்கீசிய வழியினர் ஆகிய அனைவரும் அதைப் பாடுகின்றனர். 2018-இல் யுனெஸ்கோவும் அதை உலக மரபாக ஏற்றுக்கொண்டது. பிடிலும் ரெபானாவும் கொங்கும் ஒலிக்க, மெட்டு ஒன்றாகவே இருக்கும். சொல்லோ அன்றன்றைக்குப் புதிது. ஒருவர் ஒரு பந்துன் பாடினால் எதிரே நிற்பவர் அதே மெட்டில் மறுத்துப் பாடவேண்டும். மறுக்கத் தெரியாதவருக்கு அந்த மேடையில் இடமில்லை. பழைய மெட்டின் மீது அவர்களுக்கு உள்ள பற்று நம் ஏக்கத்துக்கு இளைத்ததன்று. ஆனால் நேற்றைய சொல்லை இன்றும் அப்படியே ஒப்புவிப்பது அவர்களிடையே பாட்டாகாது.

நம் மண்டபங்களிலும் இதைச் செய்து பார்க்கலாம். மெட்டி ஒலிப் பாட்டைக் கேட்பவர்கள் கேட்கட்டும், கோஷ்டியார் பாடட்டும், கண்ணீர் விடுபவர் விடட்டும். அது முடிந்ததும், வாத்தியங்கள் ஓயுமுன், தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் சம்பாதிக்கும் ஒரு பெண் எழுந்து, அந்த அம்மியில் இத்தனை காலம் அரைத்தவள் யார், அவள் கூலி என்ன என்று அதே மெட்டில் கேட்டுப் பாடலாம். தினா அமைத்த மெட்டுக்கு அதைத் தாங்கும் இடம் இருக்கிறது. அதன் பாதி முதலிலிருந்தே துயரந்தானே.